அதியமான் நெடுமான் அஞ்சியும் தகடூர்ப் பெருவழியும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என ஆராயப் புகுவார் விளைநிலத்தையும் நீர்நிலையையும் மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் எண்ணுவர். வழியையும் செல்வமாக எண்ணுவார் மிகச் சிலரே. விளைந்த பொருள் விளைந்த இடத்தே கிடக்குமாயின், அஃது உண்பார்க்கு உணவாகுமேயன்றி நாட்டுக்குச் செல்வமாகாது. ஓரிடத்து மிக்கதனை அஃதில்லாத மற்றோரிடத்துக்குக் கொண்டு செலுத்தும்போதுதான் பொருள் செல்வமென்னும் பெயரைப் பெறுகின்றது. உப்பு விளையும் கடற்கரையில் உப்புக்கு மதிப்பில்லை. மலைநாட்டில் அதற்கு நெல்லும் தேனும் மாற்றாகக் கிடைக்கும். இம்மதிப்பினை உண்டாக்குவது வழியே. ஆகலின் வழி காத்தல் பண்டையரசர் கடமைகளுள் ஒன்றாக இருந்தது.

இவ்வுண்மையைத் தன் வாழ்க்கையால் விளக்கி நின்றவன் நம் தருமபுரியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அவனை ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலாக நாட்டார் யாவரும் அறிவர். பள்ளிச் சிறாரும் அக்கதையைச் சொல்வர். அவ்வள்ளன்மைக்கு வேண்டிய பொருள் வானம் பார்த்த இவ்வறண்ட நாட்டில் அவனுக்கு எங்ஙனம் வந்தது, அவனோடு பகைத்த வேந்தர் எதனை விரும்பி வந்தனர் என்பவற்றை எண்ணுவார் அரியர். அவற்றை நேயர்கள் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஊரை நடுவாகக் கொண்டு நாற்புறமும் நோக்குவார்க்கு அதன் சிறப்பு விளங்கும். வடமேற்கே கன்னட நாட்டு மேட்டுநிலம் உயர்ந்து கிடக்கின்றது. தெற்கே தொப்பூர்க் கணவாய் வழியே சேலத்துக்கும் கொல்லிமலைப் பக்கத்துக்கும் அப்பால் சேரர் ஊராகிய கருவூருக்கும் இறங்கலாம். கிழக்கே செங்கம் கணவாய் வழியே அண்ணாமலைக்கும் தொண்டை நாட்டுக்கும் செல்லலாம். பெண்ணையாற்றைப் பின்பற்றிச் சென்றால் திருக்கோவலூரை அடையலாம். மேற்கே காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து வீழ்கின்றது. இங்ஙனம் மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையே அமைந்த வாயிலாக இவ்வூர் விளங்கியது. காவிரி ஓடியும் அதன் நீர் ஆழத்தில் ஓடுதலின், நாட்டின் பெரும்பகுதி வரகும் சாமையும் கேழ்வரகும் விளையும் புன்செய்யே. சோழ நாட்டுக்கு நெல் எத்தகையதோ, பாண்டி நாட்டுக்கு முத்து எத்தகையதோ, அத்தகையது தகடூருக்கு அதன் வழி.

அதியர் குடி மிகப் பழையது. கிறித்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மௌரியப் பேரரசன் அசோகன், தன் இரண்டாம் பாறைக் கட்டளையில் தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட எல்லை நாட்டவராகச் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் சேர்த்துச் சத்தியபுத்திரர் என்பாரையும் குறித்துள்ளான். இச்சத்தியபுத்திரர் யாவர் என அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் குன்றிலே தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த கல்வெட்டொன்று வெளிப்பட்டது. அது நெடுமான் அஞ்சி என்னும் அதியனைச் சத்தியபுத்திரன் என்னும் பட்டத்தோடு கூறி, அவன் துறவோர்க்கு உறைவிடம் ஈந்த செய்தியைத் தெரிவிக்கின்றது. இதனால் வழக்கு ஓய்ந்தது. அசோகனின் கட்டளை மக்களுக்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்தலையும், வழிநெடுகக் கிணறு தோண்டி மரம் நடுதலையும் கூறுவது. வழிப்போக்கருக்கு நீரும் நிழலும் அளித்தலைப் பேசும் கட்டளையிலேயே நம் நாட்டாரின் பெயரும் முதன்முதற் காணப்படுதல் நினைந்து மகிழத்தக்கது.

அஞ்சியின் முன்னோர் தேவர்களைப் போற்றி வேள்வி செய்தனர் என்றும், கிடைத்தற்கரிய கரும்பினை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்றும் ஔவையார் பாடியுள்ளார். அக்கரும்பு விண்ணுலகினின்று வந்ததென்பர் பழைய உரைகாரர். விண்ணினின்று வந்ததாயினும் மண்ணினின்று வந்ததாயினும், வேற்றிடத்துப் பயிரொன்றை நாடிச் சென்று வழிநெடுகக் காத்துக் கொணர்ந்து நட்டு வளர்த்தவர் அதியர் என்பது தெளிவு. பிற்காலத்தே பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிறுவப்பட்டபோது, அப்பழங்கொடையே வேறு வடிவில் மீண்டும் தழைத்தது எனலாம்.

இத்தகைய குடியில் தோன்றிய அஞ்சி போரில் அஞ்சாதவன், இரவலர்பால் எளியவன். அவனுடைய வீரத்தைச் சொல்ல வந்த ஔவையார் தேர்ச்சக்கரம் ஒன்றை உவமையாக்கினார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றி ஒரேயொரு சக்கரத்தைச் செய்தால் அஃது எத்துணைத் திண்மை உடையதாகுமோ, அத்துணைத் திண்மை உடையவன் அவன் என்றார். சக்கரத்தின் உறுதியை அறிந்த நாட்டார்க்கே இவ்வுவமையின் ஆழம் விளங்கும். பாறையும் பள்ளமும் நிறைந்த நெறியில் நாளும் வண்டி ஓட்டியவர்கள் தகடூர் நாட்டார். அவர்கட்குச் சக்கரத்தின் உறுதி உயிர்க்காவலாகும்.

அவன் கொடையும் வழியோடு பிணைந்ததே. பாலை நெறியில் வெறுங்கலத்தோடு அமர்ந்து, இக்கலத்தை நிரப்புவார் யார் என ஏங்கிய விறலி ஒருத்தியைக் காட்டி, அஞ்சி அத்துணைத் தொலைவில் இல்லை, அவன்பாற் செல்லலாம் என்று ஔவையார் ஆற்றியிருக்கின்றார். ஒருநாள் சென்றாலும், இருநாள் சென்றாலும், பலநாள் பலரோடு சென்றாலும், முதனாட் போன்ற விருப்பமே அவன்பால் உண்டென்றும் கூறியிருக்கின்றார். மலைப்பிளவின் அரிய உச்சியிற் பெற்ற நெல்லிக்கனியை அதன் பயனைச் சொல்லாது மறைத்து, தான் உண்ணாது, புலவர்க்கு ஈந்தான் என்பது உலகறிந்த செய்தி. இக்கொடைகள் அவன் உள்ளத்தின் பெருமையால் நிகழ்ந்தவை. அவற்றுக்கு வேண்டிய பொருள் இப்புன்செய் நிலத்திலிருந்து மட்டும் வந்திருத்தல் அரிது. தன் வாயில் வழியே சென்ற வணிகச் சாத்துகளும் உமணர் வண்டிகளும் தந்த வளமே அவன் கைக்கு வலியாயிற்று எனக் கொள்வதே பொருந்தும்.

வணிகர் ஒரு வழியை விரும்புதற்குக் காரணம் யாது? குறுக்கு வழி என்பதனாலன்று. அச்சமற்ற வழி என்பதனாலேயே. கள்வர்க்கு அஞ்சிப் படைவீரரை உடன் அழைத்துச் செல்லும் சாத்தின் செலவு மிகும். செலவு மிகுந்தால் பண்டத்தின் விலை மிகும். விலை மிகுந்தால் கொள்வார் குறைவர். ஆகவே காவலுள்ள நெடுவழி காவலற்ற குறுவழியினும் மலிவானது. அதியர் ஆட்சியில் இக்காவல் எங்ஙனம் இருந்தது என்பதற்கு அரிசில்கிழார் சான்று பகர்கின்றார். அம்மரபில் தோன்றிய எழினி தகடூர்ப் போரில் வீழ்ந்தபோது அவர் இரங்கிப் பாடினார். அவன் நாட்டில் கன்றொடு கூடிய ஆநிரைகள் காட்டிலேயே அச்சமின்றித் தங்கின. வெயிலில் நடந்து கால் வெதும்பிய வழிப்போக்கர் விரும்பிய இடத்தே இராத் தங்கினர். களத்திற் குவிந்த நெல் காவலின்றியே கிடந்தது என்று அவர் அவ்வாட்சியைப் போற்றினார். அரசனுடைய பெருமையைப் பாட வந்தவர் யானையையும் முரசையும் விடுத்து, வழிநடைக் களைப்பால் உறங்கும் வேற்றூரானை முன் நிறுத்தினார். ஊர்பேர் அறியாத ஒருவன் மரத்தடியில் மூட்டையைத் தலைக்கு வைத்துக் கவலையின்றி உறங்குவானாயின், அந்நாட்டு அரசியலுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் வழிக்கு ஓர் இயல்புண்டு. வணிகன் வரும் வழியே பகைவனும் வருவான். வாயிலை உடையவன் செல்வன் ஆவான். அவ்வாயிலை விரும்புவார் பலராதலின், அவன் என்றும் விழித்திருத்தல் வேண்டும். அஞ்சியின் வாழ்நாள் பெரும்பாலும் போரிற் கழிந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் அவனோடு மாறுபட்டபோது, அஞ்சி படையை அனுப்பாது ஔவையாரையே தூதாக விடுத்தான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டினான். அங்கே படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி அணிந்து, பளபளவென அடுக்கியிருந்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வார் போல இகழ்ந்தார். அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் உலைக்களத்தே செப்பம் செய்யக் கிடக்கின்றன என்றார். இச்சொல்லால் போர் நின்றது என்பது மரபு. கொல்லன் உலை தகடூர் நாட்டுக்குப் புதிதன்று. இந்நாட்டின் வடபகுதியாய் இருந்து 2004-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கிருட்டிணகிரியில், மயிலாடும்பாறை என்னும் இடத்தே கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஆம் ஆண்டினது எனக் கணிக்கப்பட்ட செய்தி 2022-இல் வெளிவந்தது. இரும்பு உருக்கும் நாடு அதனை விற்கவும் வேண்டும். விற்பதற்கு வழி வேண்டும்.

கிழக்கே பெண்ணைக்கரையில் திருக்கோவலூரை மலையமான் திருமுடிக்காரி ஆண்டான். அவனும் வள்ளலே, வீரனே. தகடூரிலிருந்து கீழ்க்கடற்கரைக்குச் செல்லும் வழியில் கோவலூர் ஒரு பூட்டுப் போல் அமைந்தது. அஞ்சி கோவலூரை வென்றான். அவ்வெற்றியைப் பரணரே பாடினார் என்று ஔவையார் வியந்து கூறியுள்ளார். சம்பைக் கல்வெட்டு அப்பகுதியிலேயே இருத்தல், அஞ்சியின் கை அத்துணைத் தொலைவு எட்டியமைக்குக் கண்கூடான சான்றாகும். உப்பு வரும் வழி முழுதும் ஒருவன் காவலின் கீழ் வந்தமையின், அதியர் ஆக்கம் அப்போது உச்சியை அடைந்தது எனலாம்.

அவ்வுச்சியே வீழ்ச்சிக்கும் வாயிலாயிற்று. காரி சேரரோடு கூடினான். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். கொல்லி சேரர் கைப்பட்டதும் தகடூரின் தென்வாயில் திறந்தது போலாயிற்று. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படையோடு எழுந்தான். அதியமானுக்குத் துணையாகச் சோழனும் பாண்டியனும் நின்றும் சேரனே வென்றான் என்பது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகத்தால் அறியப்படும். தகடூர் முற்றுகையுண்டது, அழிந்தது. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதும் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. ஆயினும் தகடூரை வென்றதனையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான் சேரன். ஓர் ஊரை வென்றமை பேரரசனுக்கு அடைமொழியாகும் எனின், அவ்வூரின் அருமையை வேறு சொல்லவும் வேண்டுமோ?

அஞ்சி மார்பில் வேல் பாய்ந்து மாய்ந்தான். அவ்வேல் அவனை மட்டும் துளைக்கவில்லை. பாணர் கலத்தைத் துளைத்தது, இரப்போர் கையைத் துளைத்தது, புலவர் நாவிலும் தைத்தது என ஔவையார் கதறினார். அவனுக்கு நட்ட கல்லின்முன் சிறு கலத்திற் கள்ளைப் படைத்தபோது, பெருநாட்டைக் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று உருகினார்.

அவன் மகன் பொகுட்டெழினி. இவனைப் பற்றி ஔவையார் கூறிய உவமை, நாம் கூறிவரும் பொருளுக்கு முடிமணி போன்றது. உமணர் உப்பு வண்டியில் பண்டத்தை மிகுதியாக ஏற்றிப் புறப்படுவர். எருதுகளோ இளையன, நுகத்துக்குப் பழகாதன. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ, யார் அறிவார் என எண்ணி, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினைக் கட்டிச் செல்வர். முதல் அச்சு முறிந்தால் இது தாங்கும். அச்சேம அச்சுப் போன்றவன் பொகுட்டெழினி என்றார். இவ்வுவமையில் தகடூர் நாட்டின் உயிரே அடங்கியுள்ளது. மேடும் பள்ளமும் மிக்க மலைவழியில் பாரவண்டி செலுத்தும் மக்கள், முறிவு நேரும் என்பதனை முன்னரே எண்ணி, அதற்கு வேண்டியதனைத் தம்மோடு கொண்டு செல்வர். அரசும் அங்ஙனமே அடுத்த தலைமுறையை ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும்.

சேம அச்சு வீண்போகவில்லை. தகடூர் அழிந்தும் அதியர் மரபு மறையவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பின்னும், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான் தகடூரை ஆண்டான். போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன் இயக்கியர் திருவுருவங்களை அவன் புதுப்பித்தான்.

இப்பிற்கால அதியர் நாளினவாகக் கருதப்படும் வழிக்கற்கள் இரண்டு தருமபுரி வட்டாரத்தில் கிடைத்துள்ளன. அவற்றில் அதியமான் பெருவழி என்னும் பெயர் வெட்டப்பட்டுள்ளது. ஒன்றில் நாவல்தாவளத்துக்கு 27 காதம் என்றும், மற்றொன்றில் 29 காதம் என்றும் தொலைவு குறிக்கப்பட்டிருக்கின்றது. எழுத்தோடு நில்லாது, அதே எண் குழிகளாகவும் வெட்டப்பட்டுள்ளது. பெரிய குழி ஒன்று பத்தினைக் குறிக்கும். சிறிய குழி ஒன்று ஒன்றினைக் குறிக்கும். ஆகவே இரண்டு பெருங்குழியும் ஏழு சிறுகுழியும் இருபத்தேழு ஆகும். எழுத்தறியாதவன் எண்ணிப் பார்க்கலாம். இருளில் வருவோன் விரலால் தடவியும் அறியலாம். கோவையை அடுத்த சுண்டைக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரோடு சோழர் காலக் கல்வெட்டொன்று உண்டு. அஃது அரசன் புகழை அழகிய பாட்டாகக் கூறுவது. நம் தகடூர்க் கல்லோ, எழுத்தறியாத வண்டிக்காரனை நினைந்து வெட்டியது.

இன்னும் ஒன்று நோக்குக. அக்கல் தொலைவை அளப்பது அரசன் கோயிலுக்கன்று; தாவளத்துக்கு. தாவளம் என்பது வணிகர் தங்கிப் பண்டம் மாற்றும் இடம். வழி எதற்காக என்னும் வினாவுக்கு அக்கல்லே விடை கூறுகின்றது. வழி தானே செல்வம் தாராது; வழியில் தாவளம் இருத்தல் வேண்டும். தங்குவார் இன்றிக் கடப்பார் மட்டும் உள்ள வழி, தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் வளர்க்கும். இடையூரைத் தூசியால் மூடும்.

இவ்வுண்மை அண்மைக் காலத்திலும் மெய்ப்பட்டது. பஞ்சம் நேர்ந்தபோது தவசம் கொண்டுவர வழியில்லாமையால் மக்கள் மடிதல் கண்டு, பஞ்சக் காப்பாக இருப்புப்பாதைகள் போடப்பட்டன. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. 1913-இல் அஃது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. தகடூர் மீண்டும் ஒரு முறை பிறர் போருக்குத் தன் வழியை இழந்தது. பின்னாளில் சேலம் பெங்களூர் இருப்புப்பாதை தருமபுரி வழியாக அமைந்தது. ஆயினும் சென்னைப் பெருந்தடத்தோடு இணைக்கும் மொரப்பூர்ப் பாதையை மீட்டல் வேண்டும் என நாட்டார் பல்லாண்டு வேண்டினர். 2019-இல் தான் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

இன்று நாட்டின் வடகோடியையும் தென்கோடியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசியப் பெருஞ்சாலை தருமபுரியை ஊடறுத்துச் செல்கின்றது. அதியமான் காலத்தில் எருது இழுத்த பாரத்தை இன்று எந்திர வண்டிகள் இழுக்கின்றன. தொப்பூர் இறக்கத்தில் அவை நிலைதவறி உயிர் குடிக்கும் செய்தியும் அடிக்கடி வருகின்றது. பள்ளத்தில் இறங்குங்கால் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணரின் அச்சம் இன்னும் நீங்கவில்லை. மற்றொரு புறம், பென்னாகரம் பகுதிக் கோட்டூர்மலை போன்ற சிற்றூர்க்கு 2021-ஆம் ஆண்டுத் தேர்தலின்போதும் வாக்குப்பொறிகள் கழுதைமேல் ஏறியே சென்றன. பெருவழி அருகில் இருந்தும் அதனை அடையச் சிறுவழி இல்லாத ஊர்க்கு அப்பெருவழி கடலுக்கு அப்பாலுள்ள செல்வம் போன்றதே.

இச்சாலையில் நம் நாட்டு மாங்கனியும் தக்காளியும் புளியும் வெளியூர் செல்கின்றன. நம் இளைஞரும் பிழைப்பு நாடி அதே சாலையிற் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். செல்லுதல் குற்றமன்று. அஞ்சியின் முன்னோரும் வெளியே சென்றே கரும்பைக் கொணர்ந்தனர். சென்றவர் ஒன்றைக் கொண்டு மீளுதலே அதியர் காட்டிய நெறி. விளைபொருளைக் கெடாது காக்கும் கிடங்கும், பதப்படுத்தும் தொழிலும், விலை படியும் சந்தையும் சாலையோரத்தே எழுமாயின், அவையே நம் காலத்துத் தாவளங்களாகும். நம் சங்கத்தாருள் பொருளுடையாரும் தொழிலறிவுடையாரும் பலர் உளர். கூட்டுறவாக நின்று இத்தகையதொரு தாவளத்தை நிறுவுதல் அவர்கட்கு அரிதன்று. சாலை எட்டாத சிற்றூர்களின் குறையை அரசியலார்க்கு எடுத்துரைத்தலும் நம் கடமையே. அது நம்மவர் ஊரா, பிறர் ஊரா என்று நோக்குதல் தகாது. வெயிலில் கால் வெதும்பி வந்தவனை இன்னான் என்று வினவாது தங்கவிட்ட நாடு இது.

அஞ்சி மாய்ந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அவன் கோட்டை மண்ணாயிற்று. அவன் போரைப் பாடிய நூலும் சிதைந்தது. அவன் மரபின் பெயர் தாங்கிய வழிக்கல் மட்டும் இன்னும் தொலைவு சொல்லி நிற்கின்றது. அதன் குழிகளை எண்ணிப் பார்க்கும் சிறுவன், கணக்கோடு தன் நாட்டு வரலாற்றையும் ஒருங்கே கற்பான். பெற்றோரும் ஆசிரியரும் தம் மக்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துக்கூறுவாராக. வழியை உண்டாக்கியும் காத்தும் வாழ்ந்த பெருமக்களின் நாட்டிற் பிறந்தோம் என்னும் நினைவு அவர்கள் உள்ளத்தே சேம அச்சாக நின்று தாங்குவதாக.